பூஸ்டர் திரும்பி வருது, டிக்கெட் விலை ஏன் இறங்கல?

2025 ஜூன் 25, சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குக் கிளம்பிய நாள். மதியம் பன்னிரண்டு மணிக்கு நேரலை ஓடியபோது நான் ஒரு மீட்டிங்கில் மாட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மகள் ஸ்கூலிலிருந்து வந்ததும் யூடியூபில் முதலிலிருந்து போட்டுப் பார்த்தோம். ராக்கெட் கிளம்பி எட்டு நிமிஷம் போல ஆனதும் அதன் கீழ்ப்பாகம் மட்டும் தனியாகத் திரும்பி வந்து, கேப் கனாவெரலில் காலை விரித்து நின்றது. அந்த பூஸ்டருக்கு அது இரண்டாவது பயணம். ஏதோ நானே டிசைன் செய்த மாதிரி, "பாத்தியா, இதைக் கழுவித் துடைச்சு மறுபடி யூஸ் பண்ணுவாங்க. அதனாலதான் செலவு கம்மி" என்றேன்.

அவள் எட்டாவது படிக்கிறாள். "நியூஸ்ல 550 கோடின்னு சொன்னாங்களேப்பா. அது கம்மியா?"

பதில் வரவில்லை. பயிற்சி, சோதனைகள் எல்லாம் சேர்த்துத்தான் இந்தியா அந்தத் தொகையைச் செலவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி மண்டையில் உட்கார்ந்துவிட்டது. காரணம், நான் இதில் ஏற்கெனவே ஒரு பந்தயம் கட்டியிருந்தேன். 2017 மார்ச் 30 அன்று, ஒருமுறை பறந்து இறங்கிய ஃபால்கன் 9 பூஸ்டர் எஸ்.இ.எஸ்.-10 என்ற செயற்கைக்கோளைச் சுமந்து இரண்டாம் முறை பறந்தது. அன்று என் நோட்டில் எழுதிவைத்தது இது: "பத்து வருஷத்தில் விண்வெளி சீட் விலை பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும்."

ஆகவில்லை. 2001-ல் டென்னிஸ் டிட்டோ, சொந்தக் காசில் விண்வெளி நிலையத்துக்குப் போன முதல் ஆள், கொடுத்ததாகச் சொல்லப்படுவது 20 மில்லியன் டாலர். அவர் போனது சோயுஸில். அது முழுக்கத் தூக்கி எறியும் ராக்கெட். 2022-ல் ஆக்ஸியம் நிறுவனத்தின் முதல் பயணத்தில் ஒரு சீட் 55 மில்லியன். இது திரும்பி வரும் ராக்கெட். இருபது வருஷப் பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் விலை ஏறித்தான் இருக்கிறது. எங்கே தப்பு விட்டேன் என்று தேடியதன் விளைவு இந்தக் கட்டுரை.

முதலில் ராக்கெட்டை ஏன் தூக்கி எறிந்தார்கள் என்று பார்த்துவிடலாம். முட்டாள்தனம் இல்லை, இயற்பியல். பூமியைச் சுற்றி விழாமல் ஓட மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கிளம்பும்போது ஃபால்கன் 9-ன் எடை சுமார் 549 டன். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிபொருளும் திரவ ஆக்சிஜனும்தான். எதையும் மீட்காமல் முழுசாக எரித்தால் தாழ்வான சுற்றுப்பாதைக்குப் போகும் சரக்கு அதிகபட்சம் 22.8 டன். அதாவது நூற்றுக்கு நாலு. இந்த நாலுக்குள்ளேயே இறங்கும் கால், திருப்பும் துடுப்பு, திரும்பி வர எரிபொருள் எல்லாவற்றுக்கும் இடம் கண்டுபிடி என்றால் எந்த இன்ஜினியரும் தலையைச் சொறிவார். "போகட்டும் விடு, கடல்ல விழட்டும்" என்பதே பல காலம் நியாயமான முடிவாக இருந்தது.

ஆனால் அந்த எரிபொருள் விலை இருக்கிறதே, அது வேடிக்கை. ஃபால்கன் 9 குடிப்பது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும். ஒருமுறை நிரப்ப ஆகும் செலவு சில லட்சம் டாலர்தான். பல கோடி டாலர் ராக்கெட்டில் பெட்ரோல் செலவு ஒரு சதவீதம்கூட இல்லை. மீதி எல்லாம் இன்ஜின், டேங்க், கம்ப்யூட்டர், அதைச் செய்தவர்களின் சம்பளம். கடலில் விழுந்து போனது அதுதான். மறுபயன்பாட்டு ஆசை வந்ததும் இதனால்தான்.

இறங்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கிளம்பி இரண்டரை நிமிஷத்தில் முதல் கட்டம் கழன்றுகொள்கிறது. அப்போது உயரம் 65, 70 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 6,000 முதல் 8,000 வரை. மேல்பாகம் தன் வழியே போக, கீழ்ப்பாகம் நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சி அப்படியே பின்பக்கமாகத் திரும்புகிறது. கிளம்பிய இடத்துக்கே வர வேண்டுமானால் ஒன்பது இன்ஜினில் மூன்றை எரித்து வந்த வழியே திரும்பும். கடலில் நிற்கும் மிதவை மேடையில் இறங்குவதாக இருந்தால் இந்த எரிப்பு பெரும்பாலும் தேவையில்லை, போகிற போக்கில் விழுந்துகொண்டே போகலாம். காற்று அடர்த்தியாகும் இடத்தில் மறுபடி ஒரு எரிப்பு, சூட்டிலும் அழுத்தத்திலும் உடல் நொறுங்காமல் வேகத்தைக் குறைக்க. அதன்பின் வலைபோன்ற நாலு துடுப்புகள் திசை பார்த்துக்கொள்ளும். கடைசியில் ஒரே ஒரு இன்ஜின்.

இங்கேதான் எனக்குப் பிடித்த சிக்கல். எரிபொருள் தீர்ந்த பூஸ்டரின் எடை 25 டன் போல. ஒரு மெர்லின் இன்ஜின் முழு வேகத்தில் 85 டன் வரை தள்ளும். நாற்பது சதவீதமாகக் குறைத்து ஓட்டினாலும் 34 டன். எடையைவிட உந்துவிசை எப்போதும் கூடுதல். அதனால் ஹெலிகாப்டர் போல அந்தரத்தில் நின்று, இடம் பார்த்து, மெதுவாக இறங்கும் பேச்சே கிடையாது. சரியாகத் தரையைத் தொடும் நொடியில் வேகம் பூஜ்யமாக வேண்டும். சீக்கிரம் பற்றவைத்தால் தரைக்கு மேலேயே நின்று மறுபடி மேலே கிளம்பிவிடும், லேட்டானால் மோதும். பதினைந்து மாடி உயரச் சாமான், ரீட்ரை பட்டன் இல்லாத புரோகிராம். 2015 டிசம்பரில் முதல் தடவை இது தரையில் நின்றபோது ராத்திரி ஷிஃப்ட்டில் இருந்த எங்கள் டீமே கைதட்டியது. வேலை அன்றைக்கு ஓடவில்லை.

சரி, கணக்கு. திரும்பி வருவதற்கு ஒரு வரி கட்ட வேண்டும். மிச்சம் வைத்த எரிபொருள், கால், துடுப்பு எல்லாம் சேர்ந்து சரக்கைக் குறைக்கும். இறங்கிய பின் சோதித்துச் சீர்செய்யும் செலவு வேறு. 2020-ல் இதைப் பற்றி ஒரு பொதுச் சண்டையே நடந்தது. சரக்கு இழப்பு 40 சதவீதத்துக்குள், மீட்டுச் சீர்செய்வது 10 சதவீதத்துக்குள், ஆகவே இரண்டு முறை பறந்தால் கணக்கு சமம், மூன்றாவது முறை நிச்சயம் லாபம் என்றார் எலான் மஸ்க். போட்டி நிறுவனமான யுனைடெட் லாஞ்ச் அலயன்ஸின் டோரி புரூனோவோ, எல்லா பூஸ்டரும் சராசரியாகப் பத்துமுறை பறந்தால்தான் கட்டுப்படியாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யார் சரி என்ற கேள்வி இன்று முக்கியமில்லை. சில பூஸ்டர்கள் 30 முறைக்கு மேல் பறந்துவிட்டன. ஒரு பூஸ்டர் 9 நாள் இடைவெளியில் மறுபடி கிளம்பியிருக்கிறது. 2024-ல் மட்டும் ஃபால்கன் வகை ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் ஏறின. புரூனோவின் கோட்டையும் தாண்டியாச்சு.

அப்புறமும் ஏன் பத்தில் ஒரு பங்கு ஆகவில்லை? மென்பொருள்காரர்களுக்கு ஆம்டால் விதி தெரிந்திருக்கும். 1967-ல் ஜீன் ஆம்டால் சொன்னது. ஒரு புரோகிராம் ஓட 100 நொடி ஆகிறது, அதில் ஒரு பகுதி 60 நொடி எடுக்கிறது என்று வையுங்கள். அந்தப் பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும், ஏன், பூஜ்யமே ஆக்கினாலும், மீதி 40 நொடி அப்படியே இருக்கும். மொத்தத்தில் இரண்டரை மடங்கு வேகம், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமானால் அந்த 40-ல் கை வைக்க வேண்டும்.

இதே 60-ம் 40-ம் ஃபால்கனிலும் இருக்கிறது என்பதை லேட்டாகத்தான் கவனித்தேன். 2018-ல் மஸ்க் கொடுத்த பிரிப்பு: மொத்தச் செலவில் முதல் கட்டம் சுமார் 60 சதவீதம், இரண்டாம் கட்டம் 20, மேலே மூடியிருக்கும் கூம்பு 10, ஏவும் வேலைகள் 10. பூஸ்டரைப் பத்து முறை பயன்படுத்தினால் அந்த 60 ஒரு பயணத்துக்கு 6 ஆகும். முப்பது முறை என்றால் 2. பத்திலிருந்து முப்பதுக்குப் போக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை, ஆனால் நூறு ரூபாயில் மிச்சம் நாலு ரூபாய். சீர்செய்யும் செலவைச் சேர்க்காமலே இந்தக் கதி. கூம்பையும் கடலிலிருந்து எடுத்து மறுபடி மாட்டுகிறார்கள், சரி. இரண்டாம் கட்டம் மட்டும் ஒவ்வொரு தடவையும் புதுசு, ஒவ்வொரு தடவையும் எரிந்து போகிறது. 30-வது முறை, 31-வது முறை என்று செய்தி வரும்போதெல்லாம் நான் கைதட்டியது ஏற்கெனவே தீர்ந்துபோன ஒரு கணக்குக்கு.

இது ராக்கெட்டுக்குள் இருக்கும் 40. டிக்கெட்டுக்குள் இருக்கும் 40 இன்னும் பெரிசு. நாசா தன் வீரர்களை டிராகன் கேப்சூலில் அனுப்ப ஸ்பேஸ்எக்ஸுடன் போட்ட பிந்தைய ஒப்பந்தத்தில் ஒரு சீட் சராசரியாக 72 மில்லியன் டாலர் வருகிறது. நாலு சீட், 288 மில்லியன். அந்த நிறுவனம் ஒரு ஃபால்கன் 9 ஏவுதலுக்கு வெளியே சொல்லும் விலை சுமார் 70 மில்லியன். ஆள் ஏறும்போது கூடுதல் சோதனைகள் இருக்கும் என்பதால் இது தோராயம்தான், இருந்தாலும் பாருங்கள்: டிக்கெட்டில் ராக்கெட்டின் பங்கு கால்வாசி. ராக்கெட்டை இலவசமாகவே கொடுத்தாலும் ஒரு சீட் 54 மில்லியனுக்கு மேல் இருக்கும்! 2017-ல் நான் போட்ட பந்தயம் இந்த ஒரு வரியில் காலி.

மீதி முக்கால்வாசி எங்கே போகிறது? கேப்சூலில். ராக்கெட் வெடித்தால் ஆட்களைப் பிய்த்துக்கொண்டு பறக்க அதிலேயே எட்டு இன்ஜின்கள், மூச்சுக்காற்று, வெப்பக் கவசம், பாரசூட். கடலில் விழுந்ததும் தூக்க ஒரு கப்பல், டாக்டர்கள். மாதக்கணக்கில் பயிற்சி. டிராகனும் மறுபடி பறக்கிறதுதான். ஆனால் உப்புத் தண்ணீரில் நனைந்த கேப்சூலைப் பிரித்துச் சேர்க்க மாதங்கள் ஆகின்றன. முக்கியமான எண் இது: ஆள் ஏறும் டிராகன் மொத்தம் ஐந்து, 2024-லும் 2025-லும் ஆட்களோடு கிளம்பிய பயணங்கள் வருஷத்துக்கு நாலு. சராசரியாக ஒரு கேப்சூல் வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் பறப்பதில்லை. அதற்கென்றே இருக்கும் ஆட்கள், கட்டடம், கப்பல், சிமுலேட்டர் எல்லாவற்றின் ஒரு வருஷச் செலவையும் 16 சீட்டில் ஏற்ற வேண்டும். இரவல் விமானக் கதை ஒன்று சொல்வார்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் விமானத்தைத் தூக்கிப் போட்டால் டிக்கெட் என்ன ஆகும் என்று. உண்மைதான். ஆனால் விமானத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஓட்டினாலும் டிக்கெட் அதே கதிதான்.

130 ஏவுதல் எங்கே, நாலு எங்கே? அந்த 130-ல் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டார்லிங்க், அதாவது ஸ்பேஸ்எக்ஸின் சொந்த இணையச் செயற்கைக்கோள்கள். பூஸ்டருக்கு ஓயாமல் வேலை கொடுக்க வீட்டுக்குள்ளேயே ஒரு வாடிக்கையாளர். கேப்சூலுக்கு அப்படி யாரும் இல்லை. போகிற இடமும் பெரும்பாலும் ஒன்றுதான், விண்வெளி நிலையம். அங்கே தங்க 2019-ல் நாசா சொன்ன கட்டணம் ஒரு ஆளுக்கு ராத்திரிக்கு சுமார் 35,000 டாலர். 2021-ல் அதையும் உயர்த்திவிட்டது.

மறுபயன்பாடு மட்டும் போதும் என்று நம்பி ஏமாந்தவன் நான் முதல் ஆள் இல்லை. ஸ்பேஸ் ஷட்டில் 1981-லேயே திரும்பி வந்தது. வருஷத்துக்கு ஐம்பது தடவை பறக்கும் என்று காகிதத்தில் போட்டார்கள். அதிகபட்சம் பறந்தது 1985-ல், ஒன்பது தடவை. கொலம்பியாவின் உடலில் 30,000-க்கும் மேல் வெப்ப ஓடுகள், பெரும்பாலானவை ஒவ்வொன்றும் தனி வடிவம், தனி நம்பர். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரே ஷட்டில் இரண்டு முறை ஏறியதில் மிகக் குறைந்த இடைவெளி 54 நாள். திட்டத்தின் மொத்தச் செலவை 135 பயணங்களால் வகுத்தால் ஒன்றுக்கு ஒன்றரை பில்லியன் டாலர் வருகிறது. 135-ல் இரண்டு திரும்பி வரவில்லை, பதினாலு பேர் இறந்தார்கள். விலையைப் பேசும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் வைத்தே பேச வேண்டும் என்பது என் கட்சி.

அப்புறம் இன்னொரு விஷயம், இன்ஜினியர்கள் மறந்துபோவது: செலவு வேறு, விலை வேறு. நாசா சோயுஸில் ஒரு சீட்டுக்கு 2006-ல் கொடுத்தது 21 மில்லியன் டாலர் போல. ஷட்டில் 2011-ல் ஓய்வு பெற்றபின் அமெரிக்காவுக்கு வேறு வழியில்லை. 2020 வாக்கில் அதே சோயுஸ் சீட் 90 மில்லியன். ராக்கெட் அதேதான், சீட் அதேதான், பக்கத்துக் கடை மூடிவிட்டது, அவ்வளவுதான். இப்போது ஸ்பேஸ்எக்ஸ் இருக்கும் இடமும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு ஃபால்கன் ஏவுதலின் நேரடிச் செலவு நல்லபடியாகப் போனால் 15 மில்லியன், அதில் பூஸ்டரைச் சீர்செய்ய 1 மில்லியன் என்று மஸ்க் 2020-ல் ஒரு பேட்டியில் சொன்னார். நிலையான செலவுகளும் ஆராய்ச்சியும் அதில் சேராது என்பது தெரியும். ஆனாலும் விற்கும் விலை 70-ல் நிற்கிறது. போயிங்கின் ஸ்டார்லைனர் ஒழுங்காகப் பறந்திருந்தால் இந்த எண்கள் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூறு கிலோமீட்டர் வரை மேலே போய்ச் சில நிமிஷம் மிதந்துவிட்டுத் திரும்பும் பயணங்களிலும் இதே கதை. விர்ஜின் கலாக்டிக் டிக்கெட் 2 லட்சம் டாலரில் ஆரம்பித்து, 2021-ல் நாலரை லட்சம், பிறகு 6 லட்சம். அவர்கள் விமானமும் திரும்பி வருவதுதான். இத்தனைக்கும் ஒரு கிலோவை அங்கே தூக்கச் சுற்றுப்பாதைக்கு ஆகும் ஆற்றலில் முப்பதில் ஒரு பங்குதான் வேண்டும்.

அப்படியானால் விலை இறங்கவே இறங்காதா? இறங்கலாம், ஆனால் வேறு இடங்களில் வேலை நடக்க வேண்டும். முதல் வேலை அந்த இரண்டாம் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவது. பூஸ்டரை மீட்டதைவிட இது பல மடங்கு கஷ்டம், இரண்டு காரணத்தால். பூஸ்டர் திரும்பும்போது வேகம் 8,000 என்றால் இது 28,000. மூன்றரை மடங்கு வேகம், பன்னிரண்டு மடங்கு ஆற்றல், அத்தனையும் சூடாகக் கழிய வேண்டும். அடுத்தது, பூஸ்டரில் ஐந்தாறு கிலோ கூட்டினால் சரக்கில் தோராயமாக ஒரு கிலோதான் குறையும். இரண்டாம் கட்டத்தில் ஒரு கிலோ கவசம் போட்டால் ஒரு கிலோ சரக்கு முழுசாகப் போச்சு. ஃபால்கன் அளவு ராக்கெட்டில் இதற்கு இடமே மிஞ்சாது. ஸ்டார்ஷிப் அவ்வளவு ராட்சசமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். 2024 அக்டோபர் 13 அன்று அதன் 33 இன்ஜின் பூஸ்டரைக் கோபுரத்தின் இரண்டு கைகள் அந்தரத்தில் பிடித்ததை எல்லோரும் பார்த்தோம். நான் அன்று பார்க்க மறந்தது மேல்பாகத்தை. அதன் மேல் சுமார் 18,000 வெப்ப ஓடுகள், ஷட்டிலைப் போல அல்லாமல் பெரும்பாலும் ஒரே அறுகோண வடிவம். மாற்றுவது சுலபம். ஆனால் இதை எழுதும்வரை ஒரு மேல்பாகமும் பத்திரமாகத் திரும்பி மறுபடி பறந்ததில்லை. ஓடுகளைப் பார்த்துச் சரிசெய்ய ஒரு நாளா, ஒரு மாதமா என்பதில்தான் அந்த 40 கரையுமா என்பது இருக்கிறது.

ஆட்கள் விஷயத்தில் இன்னும் ஒரு படி. டிராகனில் இருப்பது போலத் தப்பிக்கும் ஏற்பாடு ஸ்டார்ஷிப்பில் தனியாகக் கிடையாது. வயிற்றுப்பக்கமாக விழுந்து கடைசி நொடியில் நிமிர்ந்து இறங்கும் வண்டியில் மனிதரை ஏற்ற, சரக்கோடு எத்தனை நூறு முறை தவறாமல் இறங்கினால் நம்பலாம்? அதனால் சரக்கு விலை முதலில் இறங்கும், சீட் விலை வெகு பின்னால் வரும் என்றே நினைக்கிறேன். 2025 நவம்பரில் ப்ளூ ஆரிஜினின் நியூ க்ளென் பூஸ்டரும் கடல் மேடையில் இறங்கியது. பக்கத்துக் கடை ஒன்று திறப்பது சரக்குக்காரர்களுக்கு நல்ல சேதி. ஆள் ஏற்றும் கடை இல்லை அது, இன்னும்.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கணக்கையெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு மகளிடம் காட்டினேன். பூஸ்டர் எண்ணிக்கையை 30-லிருந்து 100-க்கு மாற்றிப் பார்த்தாள், டிக்கெட் அசையவில்லை. கேப்சூல் பயணத்தை நாலிலிருந்து நாற்பது ஆக்கினாள். தடாலென்று இறங்கியது. "அப்போ நாற்பது தடவை போறதுக்கு யாருப்பா இருக்காங்க?" என்றாள்.

அந்தக் கட்டத்துக்கு என்னிடம் ஃபார்முலா இல்லை. 2017 நோட்டை எடுத்து, பழைய வரியை அடிக்காமல், பக்கத்தில் தேதி போட்டு அவள் கேள்வியை எழுதிவைத்தேன்.